முறுக்கு சுட்ட எண்ணெய் ரத்தக் குழாய்ச் செல்களை என்ன செய்கிறது?

நங்கநல்லூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டது போக ஒன்றரை லிட்டர் கடலை எண்ணெய் மிச்சம். அம்மா அதைத் தூக்கில் ஊற்றி வைத்து, அப்பளம், வடகம், சனிக்கிழமை வடை என்று ஒரு மாதம் ஓட்டுவார். அப்பாவுக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. "பாக்கெட்டிலேயே கொலஸ்ட்ரால் இல்லை என்றுதான் போட்டிருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சினால் மட்டும் ரத்தக் குழாய்க்கு என்ன ஆகிவிடும்? உண்மையிலேயே தொடர்பு உண்டா, இல்லை வாட்ஸ்அப்பில் வருகிற பயமுறுத்தலா?" இதுதான் கேள்வி.

தொடர்பு உண்டு. அதை மூன்று வகைச் செல்களின் மட்டத்தில் விளக்கவும் முடியும். உயிர்வேதியியல் பாடம் எடுப்பது என் வேலை என்பதால் கொஞ்சம் உள்ளே போய்த்தான் சொல்லப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த பாக்கெட் வாசகம். கடலை, எள், சூரியகாந்தி, பாமாயில், தேங்காய் எதிலுமே கொலஸ்ட்ரால் சொல்லிக்கொள்ளும் அளவில் கிடையாது. தாவர எண்ணெயில் அது இல்லாததில் எந்த கம்பெனிக்கும் பெருமை இல்லை. உங்கள் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. புது எண்ணெயில் ஒரு தடவை பொரிப்பதும், நாலைந்து தடவை காய்ந்து ஆறிய எண்ணெயில் பொரிப்பதும் வேதியியல்படி இரண்டு வேறு பொருள்களில் பொரிப்பது. அந்த இரண்டாவது பொருளில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முறுக்கைப் பிழிந்து எண்ணெயில் விட்டதும் சடசடவென்று குமிழி கிளம்புகிறதே, அது மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாக வெளியேறுவது. அந்த ஆவியில் ஒரு பகுதி சும்மா போவதில்லை. எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோர்த்தது. சூட்டில் தண்ணீர் அந்தக் கோர்ப்பை அறுத்துவிடும். கொழுப்பு அமிலங்கள் தனியாகக் கழன்று வரும். கழன்ற அமிலம் கூடக்கூட எண்ணெய் சீக்கிரமே புகைய ஆரம்பிக்கும். முதல் நாள் புகையாத எண்ணெய் மூன்றாம் நாள் அதே தீயில் கண்ணைக் கரிக்க வைப்பது இதனால்தான்.

அடுத்தது காற்று. எண்ணெயிலுள்ள லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே ஒரு கார்பன் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள ஹைட்ரஜன் மிகத் தளர்வாக ஒட்டியிருப்பது. சூடும் ஆக்சிஜனும் சேர்ந்தால் முதலில் பறிபோவது அதுதான். அந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறி பெராக்சைடு உண்டாகும். 170, 180 டிகிரியில் பெராக்சைடு நிலைத்து நிற்காது. உடனே உடைந்து ஆல்டிஹைடுகள் என்ற சின்ன மூலக்கூறுகளாகிவிடும். நமக்கு முக்கியமானவை மூன்று: மேலோன்டைஆல்டிஹைடு, அக்ரோலின், நாலு-ஹைட்ராக்சி-நோனினால். கடைசியதை ஆய்வகங்களில் எச்.என்.இ. என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சல்லானி குழுவினர் சோயா எண்ணெயை 185 டிகிரியில் மணிக்கணக்கில் காய்ச்சி, அதில் எச்.என்.இ. சேர்வதை அளந்து காட்டினார்கள். அந்த எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்குக்குள்ளும் அது போய்ச் சேர்ந்திருந்தது. ஆக எண்ணெயை வடித்துவிட்டால் போதும் என்ற கதை எடுபடாது, பண்டத்தோடு சேர்ந்து அதுவும் வாய்க்குள் வருகிறது.

மூன்றாவது, எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாவது. வாணலியின் விளிம்பில், எண்ணெய் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, பழுப்பாகப் பிசின்போல் ஒரு வளையம் படியும். நகத்தால் சுரண்டினால் வராது, சபீனா போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. ஒட்டிப் பெருத்த எண்ணெய் அதுதான். எண்ணெய் கெட்டியாவதும், பொரிக்கும்போது நுரை அடங்காமல் விளிம்பு வரை பொங்குவதும் இதே சரக்கால்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. தொடர்ந்து மூன்று மணி நேரம் பொரிப்பதைவிட, தினம் அரை மணி என்று ஆறு நாள் காய்ச்சி ஆறவிடுவது எண்ணெயை அதிகம் கெடுக்கும். பொரிக்கும்போது கிளம்புகிற ஆவி எண்ணெயின் மேல் படர்ந்து காற்றைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கும். ஆறும்போது அந்தக் காவல் இல்லை. ஆக்சிஜன் உள்ளே கரைகிறது, பெராக்சைடு சேர்கிறது, மறுநாள் காய்ச்சும்போது அது மொத்தமாக உடைகிறது. உங்கள் அம்மா தூக்கில் வைத்து வாரம் இரண்டு தடவை எடுப்பது இந்த இரண்டாவது வகைதான். அவரைக் குறை சொல்லவில்லை, எண்ணெய் விற்கிற விலைக்கு யாருக்கும் அதைக் கொட்ட மனம் வராது.

சரி, இதெல்லாம் வாணலிக்குள். ரத்தக் குழாய் வரை போகிறதா?

ஒட்டிப் பெருத்த மூலக்கூறுகளில் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சுவதில்லை. எச்.என்.இ. மாதிரி ஆல்டிஹைடுகளைக் குடலும் கல்லீரலும் குளூட்டாதயோன் என்ற பொருளோடு கட்டி வெளியேற்றப் பார்க்கும், கணிசமாக வெற்றியும் பெறும். எப்போதோ ஒரு நாள் தின்ற பஜ்ஜிக்காக யாரும் பயப்படத் தேவையில்லை என்று சொல்வது இந்தத் தற்காப்பை நம்பித்தான். ஆனால் ஆக்சிஜன் ஏறிய கொழுப்பு அமிலங்கள் அப்படி நிற்பதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டாப்ரன்ஸ் குழுவினர் 1994-இல் இதைப் பார்த்தார்கள். ஆக்சிஜனேற்றம் அடைந்த எண்ணெயைச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு கொழுப்பைச் சுமந்து வரும் கைலோமைக்ரான் துகள்களில் அந்தக் கெட்ட கொழுப்பு அமிலங்கள் இருந்தன. எவ்வளவு கெட்ட எண்ணெய் உள்ளே போனதோ, அதற்கேற்ப. இவர்களே 1999-இல் சர்க்கரை நோயாளிகளிடம் இதைச் சோதித்தபோது, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களின் ரத்தத்தில் அளவு கூடுதலாக இருந்தது, வெளியேறவும் அதிக நேரம் பிடித்தது. சென்னையில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது சர்க்கரை இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கேட்டவர் சொல்லவில்லை, ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரையும் இருந்தால் இது அவருக்கு இன்னும் ஒரு படி முக்கியம்.

இனி செல்கள்.

ரத்தக் குழாயின் உட்பக்கம் முழுக்க ஒற்றை அடுக்காக ஒரு செல் வரிசை பரவியிருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். வெறும் உறை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். இந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயை விரியச் செய்கின்றன, ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன, வெள்ளணுக்களைக் கண்டபடி உள்ளே விடாமல் தடுக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடின் இந்த வேலையைக் கண்டுபிடித்ததற்குத்தான் 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

குடல், கல்லீரல் தற்காப்பைத் தாண்டி வந்த ஆல்டிஹைடுகள் முதலில் கை வைப்பது இந்தச் செல்களில். அவை செல்லுக்குள் இருக்கும் குளூட்டாதயோனைத் தின்று தீர்க்கும். அது தீர்ந்ததும் செல்லுக்குள் எதனோடும் சட்டென்று வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும், சுரந்த நைட்ரிக் ஆக்சைடை அவை அழித்துவிடும். நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதியே தடம் மாறி, அதற்குப் பதில் அதே வகையைச் சேர்ந்த சூப்பராக்சைடைத் தயாரிக்க ஆரம்பிப்பதும் உண்டு. குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. கூடவே செல்லின் மேற்பரப்பில் விகேம்-1, ஐகேம்-1 என்ற ஒட்டும் புரதங்கள் முளைக்கும். சாதாரணமாக வழுக்கிக்கொண்டு போகும் மோனோசைட்டுகள், அதாவது வெள்ளணுக்களில் ஒரு வகை, அதில் பிடிமானம் கிடைத்து நின்றுவிடும்.

இதை மனிதர்களிடமே பார்த்த ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம்ஸ் குழுவினர் 1999-இல் வெளியிட்டது. ஆரோக்கியமான பத்து ஆண்கள். ஒரு நாள், உணவகம் ஒன்றின் பொரிக்கும் சட்டியிலிருந்து எடுத்த பழைய கொழுப்பு சேர்த்த சாப்பாடு. இன்னொரு நாள், அதே வகைக் கொழுப்பு, ஆனால் பயன்படுத்தாதது. கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கிக் கட்டிப் பிறகு தளர்த்தினால், திரும்ப ரத்தம் பாயும்போது தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளக்கலாம். பழைய கொழுப்புச் சாப்பாட்டுக்கு முன்பு 5.9 சதவீதம் விரிந்த தமனி, நான்கு மணி நேரம் கழித்து 0.8 சதவீதம்தான் விரிந்தது. புதுக் கொழுப்பு சாப்பிட்ட நாளில் குறிப்பிடும்படி எந்த மாற்றமும் இல்லை. கொழுப்பின் அளவு ஒன்றுதான், பழசா புதுசா என்பது மட்டும்தான் வித்தியாசம். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் கம்சியா ஜாரின் குழுவினர் இதையே எலிகளில் நீண்ட நாள் பார்த்தார்கள். பாமாயிலையும் சோயா எண்ணெயையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பொரித்தே காய்ச்சினார்கள், ஒரு தடவை, ஐந்து தடவை, பத்து தடவை என்று. அந்த எண்ணெய் கலந்த தீனியை ஆறு மாதம் போலக் கொடுத்தார்கள். ஐந்து, பத்து தடவை காய்ச்சியதைத் தின்ற எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, நைட்ரிக் ஆக்சைடு குறைந்தது, மகாதமனியில் அந்த ஒட்டும் புரதங்கள் கூடின, சுவர் தடித்தது. ஸ்பெயினில் பிசாரா என்ற ஊரில் வீடு வீடாகப் போய் அடுப்படியிலிருந்து எண்ணெய் மாதிரி எடுத்துச் சோதித்தவர்களும் உண்டு. எண்ணெயில் சிதைவுப் பொருள் கூடுதலாக இருந்த வீடுகளில் உயர் ரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தது. 2003-இல் வெளியானது. அங்கே சோதித்தது கடை எண்ணெயை இல்லை, நம் வீடு மாதிரி வீட்டு எண்ணெயை.

இரண்டாவது வகைச் செல், மேக்ரோஃபேஜ். என்னைக் கேட்டால் கதையின் மையம் இதுதான்.

ஒட்டி நின்ற மோனோசைட் எண்டோதீலியத்தைத் தாண்டிச் சுவருக்குள் நுழைந்து மேக்ரோஃபேஜ் ஆகிறது. கழிவை விழுங்கிச் சுத்தம் செய்வது அதன் வேலை. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்.டி.எல். துகள்களும் அதே சுவருக்குள் கசிந்து வருகின்றன. டாக்டர்கள் கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்வது இந்தத் துகளைத்தான். ஆனால் சாதாரண எல்.டி.எல்.-ஐ மேக்ரோஃபேஜ் அளவுக்கு மேல் விழுங்காது. செல்லுக்குப் போதுமான கொலஸ்ட்ரால் சேர்ந்துவிட்டால் துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் எல்.டி.எல். ஏற்பிகளைச் செல்லே குறைத்துக்கொள்ளும். இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985-இல் நோபல் வாங்கினார்கள். அவர்களுக்கே இதில் ஒரு புதிர் இருந்தது. ஏற்பிக்குத்தான் இப்படிக் கட்டுப்பாடு உண்டே, அப்புறம் எப்படி நோயாளியின் ரத்தக் குழாயில் கொழுப்பு நிரம்பி வழியும் மேக்ரோஃபேஜுகள் இருக்கின்றன? 1979-இல் அவர்களே விடையின் நுனியைப் பிடித்தார்கள். எல்.டி.எல். துகளின் புரதத்தை வேதியியல்படி மாற்றிவிட்டால், மேக்ரோஃபேஜ் வேறொரு ஏற்பி வழியாக அதை விழுங்குகிறது. கழிவு பொறுக்கும் அந்த ஏற்பிக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியாது.

அடுத்த வருடமே லாஸ் ஏஞ்சலஸில் ஃபோகல்மன் குழு, மேலோன்டைஆல்டிஹைடு பட்ட எல்.டி.எல்.-ஐ மனித மேக்ரோஃபேஜுகள் விழுங்கிக் கொலஸ்ட்ராலைச் சேர்த்துக்கொள்வதைக் காட்டியது. பெயரைக் கவனித்தீர்களா? வாணலியில் உண்டாவதாக மேலே சொன்ன மூன்றில் முதலாவது இதுதான். எல்.டி.எல். புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்துக்கு நேர் மின்னூட்டம் உண்டு, அதைப் பிடித்துத்தான் சரியான ஏற்பி துகளை அடையாளம் காண்கிறது. மேலோன்டைஆல்டிஹைடும் எச்.என்.இ.-யும் போய் அந்த லைசினில் ஒட்டி மின்னூட்டத்தை அழித்துவிடுகின்றன. சரியான ஏற்பிக்கு அடையாளம் தெரியாது. கழிவு பொறுக்கும் ஏற்பி வாரிக்கொள்ளும். விழுங்கி விழுங்கி உள்ளே கொழுப்புத் துளிகளாக நிறைந்த மேக்ரோஃபேஜை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நுரை மாதிரி இருக்கும், அதனால் நுரைச் செல் என்றே பெயர். தமனியில் முதலில் கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் கோடு இந்த நுரைச் செல்களின் கூட்டம்தான். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல்.தான் வினையின் தொடக்கம் என்ற கருத்தை ஸ்டைன்பெர்க் 1989-இல் முழுமையாக எழுதி வைத்தார்.

இதில் எனக்கு இன்றும் திகிலாக இருக்கும் ஒரு பகுதி உண்டு. அந்தக் கழிவு ஏற்பிகளில் ஒன்று சிடி36. லினோலியிக் அமிலத்தில் ஆக்சிஜன் ஏறினால் வரும் பொருள்கள் செல்லுக்குள் போனதும், மரபணுக்களை முடுக்கும் ஒரு புரதத்தைத் தூண்டிவிடுகின்றன. அது சிடி36-ஐ இன்னும் அதிகமாக உற்பத்தி செய்யச் சொல்கிறது. விழுங்க விழுங்க விழுங்கும் வாய்கள் கூடுகின்றன. 1998-இல் இது தெரியவந்தது. கெட்ட எண்ணெயிலும் இதே வகைப் பொருள்கள் இருக்கின்றன. ஸ்டாப்ரன்ஸ் குழு முயல்களுக்குக் கொலஸ்ட்ராலோடு ஆக்சிஜனேற்றம் அடைந்த எண்ணெயையும் சேர்த்துக் கொடுத்தபோது, மகாதமனியில் கொழுப்புக் கோடுகள் இன்னும் வேகமாகப் படர்ந்தன.

கொலஸ்ட்ராலைச் செல்லிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போவது, நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எச்.டி.எல். துகளின் வேலை. அக்ரோலின் அதன் புரதத்தில் ஒட்டினால் அந்த இழுக்கும் திறன் குறைகிறது. உள்ளே வருவது கூடி, வெளியே போவது குறைந்தால் நுரைச் செல்லுக்கு மீட்சி ஏது? அக்ரோலின் எண்ணெய்ப் புகையிலும் இருக்கிறது, சிகரெட் புகையிலும் இருக்கிறது. அடுப்படியில் நாள் முழுக்க நின்று முறுக்கு சுட்டவர் சாப்பிடாமலே ஒரு பங்கை மூச்சில் வாங்கிவிடுகிறார். அதிகச் சூட்டில் பொரிக்கும்போது வரும் புகையை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2010-இல் வகைப்படுத்தியது. அது வேறு நோய், ஆனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், சிம்னி இருந்தால் போடுங்கள் என்று அம்மாவுக்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது, குழாய்ச் சுவரின் நடு அடுக்கிலுள்ள மென்தசைச் செல்கள். சாதாரணமாக இவை சுருங்கி விரிந்து வேலை பார்ப்பவை. அழற்சி நடக்கிற இடத்தில் இவை குணம் மாறி, பெருகி, உட்பக்கமாக நகர்ந்து, கொழுப்புக் குவியலின் மேல் நாரால் ஒரு மூடி போடுகின்றன. எச்.என்.இ. குறைந்த அளவில் இவற்றைப் பெருகத் தூண்டுகிறது, அளவு கூடினால் கொல்கிறது. இரண்டுமே ஆபத்துதான். பெருகினால் குழாய் குறுகும். மூடியைப் பராமரிக்கும் செல்கள் செத்தால் மூடி மெலியும். நுரைச் செல்கள் சுரக்கும் நொதிகளும் அந்த மூடியை அரிக்கும். ஒரு நாள் அது கிழிந்து, ரத்தம் அங்கே உறைந்து அடைத்தால் அதுதான் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தது குறுகிய ஓர் இடத்தைத் திறக்க. மற்ற இடங்களிலுள்ள சுவர் அப்படியேதான் இருக்கிறது, அதனால்தான் அப்பா விஷயத்தில் இதைப் பெரிதாகச் சொல்கிறேன்.

அதிரசம் என்று எழுதியிருந்தீர்கள், சிலர் அதை நெய்யில் சுடுவார்கள். நெய்யில் கொலஸ்ட்ரால் உண்டு, சூட்டில் அந்தக் கொலஸ்ட்ராலே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆக்சிஸ்டெரால்கள் ஆகும். எண்டோதீலியத்துக்கும் மென்தசைச் செல்லுக்கும் இவை நஞ்சு. வெளிநாடுகளில் குடியேறிய இந்தியர்களுக்கு இதய நோய் அதிகமாக இருப்பதற்குக் காய்ச்சிய நெய்யிலுள்ள இந்தப் பொருள்கள் காரணமாக இருக்குமோ என்று ஜேக்கப்சன் என்பவர் 1987-இல் லான்செட் இதழில் கேட்டார். தோசைக்கு மேல் ஒரு கரண்டி நெய் விடுவதைப் பற்றியது இல்லை இது. நெய்யை வாணலி நிறைய ஊற்றித் திரும்பத் திரும்பப் பொரிக்காதீர்கள், அவ்வளவுதான்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பொரித்ததே விஷம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். செல்களைத் தட்டில் வளர்த்து ஆல்டிஹைடை ஊற்றிப் பார்க்கும் சோதனைகளில், சாப்பிடுபவரின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அளவு பயன்படுத்துவது சகஜம். எலி தின்ற எண்ணெயின் விகிதமும் நாம் தின்பதைவிட அதிகம். ஸ்பெயினில் 40,757 பேரைப் பதினொரு வருடம் போலத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2012-இல் வந்தது. பொரித்ததை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் கூடவில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் ஆலிவ் எண்ணெய், மிச்சத்துக்குச் சூரியகாந்தி எண்ணெய், திரும்பத் திரும்பக் காய்ச்சும் பழக்கமும் குறைவு. என் கண்ணுக்கு அந்த ஆய்வு ஒட்டாகோ சோதனையோடு முரண்படவில்லை, ஒரே விஷயத்தை மறுபக்கமிருந்து சொல்கிறது.

எந்த எண்ணெய் தாங்கும்? லினோலியிக் அமிலம் குறைவாக இருப்பது தாங்கும். சூரியகாந்தியில் அது 60 சதவீதம் அளவுக்கு இருக்கிறது, கடலை எண்ணெயில் கிட்டத்தட்ட 30, ரேஷன் கடை பாமாயிலில் 10 போல, தேங்காய் எண்ணெயில் இன்னும் சொற்பம். அதனால் பொரிப்பதற்குச் சூரியகாந்தியைவிடக் கடலை எண்ணெய் மேல். பாமாயிலும் தேங்காயும் அதைவிட நின்று பிடிக்கும், ஆனால் அவற்றிலுள்ள நிறைகொழுப்பு எல்.டி.எல்.-ஐ ஏற்றும், ஸ்டென்ட் வைத்தவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். நல்லெண்ணெயில் செசமோல் மாதிரித் தற்காப்புப் பொருள்கள் இருந்தாலும், பொரிக்கிற அளவுக்கு அது கட்டுபடியாகாது. செக்கு எண்ணெயா ரீஃபைன்டா என்ற சண்டையில் இறங்க எனக்கு விருப்பமில்லை. இரண்டையும் நாலு தடவை காய்ச்சினால் இரண்டும் கெடும். பித்தளை உருளியில் ஈயம் போயிருந்தால் அதில் பொரிக்காதீர்கள், பித்தளையிலுள்ள செம்பு எண்ணெயின் ஆக்சிஜனேற்றத்தை விரைவாக்கிவிடும். இரும்பும் கொஞ்சம் அப்படித்தான், எவர்சில்வர் சட்டி நல்லது.

கடையில் சாப்பிடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அப்பா மாலையில் டீக்கடைக்குப் போகாமலா இருப்பார்? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், எண்ணெயில் மொத்தப் போலார் சேர்மங்கள், அதாவது சிதைந்த சரக்கு, 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. எண்ணெயில் முக்கினால் சதவீதத்தைக் காட்டும் கருவியை அதிகாரிகள் கொண்டுவருவார்கள். பெரிய உணவகங்களின் பழைய எண்ணெயை வாங்கி பயோடீசலாக்கும் ருக்கோ திட்டமும் அதே வருடம் ஆகஸ்டில் ஆரம்பித்தது. அந்த எண்ணெய் சின்னக் கடைகளுக்கு மறுபடி விற்பனையாகாமல் இருப்பதற்கு இது மிகவும் தேவை. மெரினாவிலோ மயிலாப்பூர் மாடவீதியிலோ பஜ்ஜிக் கடை முன்னால் நிற்கும்போது நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், மிளகாய்த் தூளும் மஞ்சளும் கருகிய கடலை மாவும் எண்ணெயை நிறம் மாற்றிவிடும். நுரையைப் பாருங்கள். பஜ்ஜி போட்டதும் குமிழி பெரிதாக எழுந்து உடைந்து அடங்கினால் எண்ணெய் பரவாயில்லை. பொடிப்பொடியான நுரை அடங்காமல் மேலேயே நின்றால், கிட்டே போனதும் காறல் வாடை அடித்தால், அன்றைக்கு டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள். பழைய எண்ணெய் குறையக் குறையப் புது எண்ணெயை மேலே ஊற்றிக்கொண்டே போகும் சட்டியில் அடியிலிருக்கும் பழசு என்றைக்கும் முழுதாகப் போவதில்லை. வடிகட்டுவதும் தூளைத்தான் எடுக்கும், கரைந்திருக்கும் ஆல்டிஹைடை எடுக்காது.

இப்போது அந்த ஒன்றரை லிட்டர். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. ஒரு தடவை பொரித்த எண்ணெயை வடிகட்டிக் குழம்பு, பொரியலுக்குச் சேர்த்துக்கொள்ளலாம், மறுபடி பொரிக்கக் கூடாது, ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். ஒன்றரை லிட்டரை இரண்டு நாளில் தீர்க்க எந்த வீட்டாலும் முடியாது. ஒரு டம்ளர் அளவு எடுத்து வடிகட்டி மூடி வைத்து வத்தக்குழம்புக்கும் தாளிப்புக்கும் பயன்படுத்துங்கள். மிச்சத்தை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ ஊறவிட்டுக் கட்டிக் குப்பையில் போடலாம். உங்கள் அப்பார்ட்மெண்டில் பத்து வீட்டு எண்ணெயைச் சேர்த்தால், பயோடீசலுக்கு வாங்குபவர்கள் வந்து எடுத்துக்கொள்ளும் அளவு தேறக்கூடும்.

அடுத்த தடவை, பெரிய வாணலிக்குப் பதில் அடி குறுகிய சின்னச் சட்டியாக எடுத்து, கால் லிட்டர், அரை லிட்டர் மட்டும் ஊற்றிச் சுடச் சொல்லுங்கள். ஈடு கொஞ்சம் கூடும், நேரம் ஆகும், ஆனால் கடைசியில் கொட்டுவதற்கு அரை டம்ளர்கூட இருக்காது. அம்மா ஒப்புக்கொள்வதற்கு இந்தக் கணக்கு போதும், செல் கதை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. புகை வருவதற்கு முன்பே தீயைக் குறைக்க வேண்டும். அப்பளத்தைச் சுட்டே சாப்பிடலாம், அல்லது மைக்ரோவேவில் ஒரு நிமிடம்.

அப்பா முறுக்கு சாப்பிடலாமா என்றால், புது எண்ணெயில் சுட்டதாக இருந்தால் பண்டிகைக்கு இரண்டு சாப்பிடட்டும். எண்ணெயை மாற்றிவிட்டோமே என்று கொலஸ்ட்ரால் மாத்திரையையும் ஆஸ்பிரினையும் மட்டும் நிறுத்திவிட வேண்டாம், அதை அவருடைய கார்டியாலஜிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும். அவருக்குச் சர்க்கரை உண்டா, இருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி சோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்துகொள்கிறாரா என்றும் கேட்டு எழுதுங்கள்.